ஏழாம் எண் மூடி

நான்காவது முறையாக அந்த மூடியின் மேல் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி நடுவில் நின்றது. குறுக்காகத் திருப்பி வைத்தேன். அப்போதும் நடுவில்தான். எழுந்து மூடியின் ஓரத்தில் காலை வைத்தேன். ‘டக்’ என்றது.

காலை எடுத்தேன். மறுபடி ‘டக்’.

சாக்கடைக் குழியின் வாயில் இருப்பவை இரண்டே இரண்டு இரும்புகள். செங்கல் கட்டின் மேல் சிமெண்ட் கலவையில் பதித்த வளையம் ஒன்று. அந்த வளையத்தின் உள் விளிம்பில் உட்காரும் வட்ட மூடி இன்னொன்று. தாழ்ப்பாள் கிடையாது, திருகாணி கிடையாது. மூடியின் கனம்தான் அதைப் பிடித்து வைக்கிறது. இவ்வளவு எளிய ஒரு பொருள் ஆடினால், வளையத்துக்குக் கீழே கலவை பொக்கையாகியிருக்க வேண்டும் என்பது என் கணக்கு. மூன்று முறை கொத்தனாரை அழைத்து வந்து பழைய கலவையைக் கொத்தி எடுத்து, புதிதாகக் கெட்டியாக அடைத்தோம். மூன்று முறையும் நான் மட்டம் பார்த்தேன். மூன்று முறையும் கலவை காய்ந்து வண்டிகளைத் திறந்துவிட்ட அன்றே ‘டக்’.

அலுவலகத்தில் எனக்கு ரசமட்டம் என்றுதான் பெயர். நகராட்சியின் சாலைப் பணி மேற்பார்வையாளர் என்றால் யாருக்கும் தெரியாது, ‘ரசமட்டம் சார்’ என்றால் வாசலில் இருக்கும் காவலாளிக்கும் தெரியும். சாப்பாட்டு மேசைக்கு மட்டம் பார்க்காமல் டிபன் டப்பாவைத் திறக்க மாட்டேன் என்று கேலி செய்வார்கள். அது பாதிதான் உண்மை. ஆனால் குமிழி நடுவில் நின்றால் வேலை சரி என்று இருபத்திரண்டு வருடம் நம்பியிருந்தேன்.

“வந்துட்டாருய்யா டாக்டர்” என்றது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். “பேஷண்ட் எப்படி இருக்கு சார்? பொழைக்குமா?”

எதிரில் படங்களுக்குச் சட்டம் போடும் ஃபிரேம் கடைக்காரம்மாவின் தம்பி. வேன் ஓட்டுகிறவர். கொத்தனார் சிரிப்பை அடக்கக் கலவைச் சட்டியைப் பார்த்துக் குனிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மூடி சும்மா ஆடவில்லை. ஒரு கையை முறித்திருந்தது.

நான்கு மாதம் முன்பு ஒரு காலையில், ஃபிரேம் கடைக்காரம்மா கண்ணாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார். மூடியின் ஓரத்தில் கால் வைத்தார். ஆடுகிற மூடி ஒவ்வொரு வண்டி ஏறும்போதும் நூலளவு நகரும். நகர்ந்து நகர்ந்து ஒரு பக்கம் விளிம்பின் மேலேயே ஏறிக்கொள்ளும். அதன் பிறகு எதிர் ஓரத்தை மிதித்தால் ஏற்றமரம் போல மறுபக்கம் எழும்பும். அப்படித்தான் எழும்பியது. ஒரு கால் முழங்கால் வரை குழிக்குள் போய்விட, வலது மணிக்கட்டைத் தரையில் ஊன்றி விழுந்தார். எலும்பு இரண்டு இடத்தில் விட்டுப் போனது. ரம்பம் பிடிக்கிற கை. நாங்கள் மூன்று முறை கலவை கொத்தி அடைத்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவர் நகராட்சி மேல் வழக்குப் போட்டார். எங்கள் வக்கீலம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அவர் அறை எனக்குப் பிடிக்கும். கூரை வரை கட்டுக் கட்டாகக் காகிதம் இருந்தாலும், கேட்டதை அரை நிமிடத்தில் எடுத்துவிடுவார். அன்று அவர் எனக்குச் சட்டத்தை விளக்கிய விதமும் பிடித்திருந்தது. ஒரு இயந்திரத்தைக் கழற்றிக் காட்டுவது போலச் சொன்னார்.

“ரெண்டே கேள்விதான் சார். அந்த ஆபத்து தானா வந்ததா, நாம உண்டாக்கினதா? தானா வந்ததுன்னா, அதாவது தேய்மானம், மழை, யாரோ லாரிக்காரன் இடிச்சது, அப்போ அடுத்த கேள்வி: நமக்குத் தெரியுமா? தெரிஞ்சும் விட்டிருந்தா நாம பொறுப்பு. தெரியலைன்னா, ஒழுங்கா சோதனை பண்ணிட்டு வந்திருந்தா, நாம பொறுப்பில்லை.”

“நாம உண்டாக்கினதா இருந்தா?”

“அப்போ ரெண்டாவது கேள்வியே கிடையாது. நம்ம கையால செஞ்சது நமக்குத் தெரியாதுன்னு எப்படிச் சொல்றது? நேரா நம்ம தலைல விழும்.” பேனாவை மூடினார். “எட்டு மாசம் முன்னாடி அந்தத் தெருவுக்குத் தார் போட்டது நீங்கதானே? மூடியெல்லாம் சரியாத்தானே வெச்சீங்க?”

“குமிழி நடுவுல நின்னுது மேடம்” என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் கேட்டது அவ்வளவுதான். ஆனால் ஒரு விஷயம் எப்படி நடக்கிறது என்று யாராவது காது கொடுத்தால் என்னால் வாயை மூட முடியாது. மேசை மேல் கிடந்த வெள்ளைத் தாளை இழுத்துப் படம் போட்டேன். ஒரு பெண். முகத்துக்கு முன்னால் இரண்டு கைகளாலும் பிடித்த கண்ணாடி, மேலே உடையாமலிருக்கக் காகிதம் சுற்றியது. கண்ணிலிருந்து கண்ணாடியின் கீழ் விளிம்பு வழியாகத் தரைக்கு ஒரு புள்ளிக்கோடு. “பாருங்க மேடம், இந்தக் கோட்டுக்கு உள்ள இருக்கிற தரை எதுவுமே அவங்களுக்குத் தெரியாது. ஆறடி தூரம் குருட்டுப் பகுதி.” கோணத்தைக்கூட எழுதினேன்.

“அட, படமே போட்டுட்டீங்களே” என்றார் வக்கீலம்மா. படம் வாக்குமூலத்தோடு சேர்ந்தது. மூடி முறையாகப் பொருத்தப்பட்டது என்று ஒரு வரி. தூக்கி வந்த கண்ணாடியால் அவருக்குத் தரை தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று ஒரு வரி. கீழே என் கையெழுத்து. அன்று முழுவதும் நான் நல்ல மனநிலையில் இருந்தேன். அதை நினைக்கும்போதுதான் இப்போது முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“உள்ள வாங்க சார்” என்றது இன்னொரு குரல். எலும்பு சேராமல் இரண்டாம் முறை மாவுக்கட்டு போட்ட கையைத் துணித் தூளியில் தொங்கவிட்டபடி கடை வாசலில் அந்த அம்மா நின்றிருந்தார். “வெயில்ல நிக்காதீங்க. நீங்க நல்லாப் படம் வரைவீங்கன்னு கேள்விப்பட்டேன்.”

போனேன். எப்படி மறுப்பது?

குறுகலான கடை. ஒரு சுவர் முழுக்கக் கோண வடிவ மரச்சட்ட மாதிரிகள். வேலை மேசையில் ரம்பம் உறை போட்டுக் கிடந்தது. எதிர்ச் சுவரில், இரண்டு குழந்தைப் படங்களுக்கு நடுவில், ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தது என்னுடைய படம். கண்ணாடி பிடித்த பெண், புள்ளிக்கோடு, கோணம், கீழே என் கையெழுத்து. அவருடைய வக்கீலுக்குக் கொடுத்த நகல்.

“தம்பிதான் ஃபிரேம் போட்டான்” என்றார். “இவ்வளவு கஷ்டப்பட்டு வரைஞ்சிருக்காரே, சும்மா வெச்சிருந்தா பாவம்னு.”

“கண்ணாடிக்குக் காசு வாங்கல சார், நம்ம அன்பளிப்பு” என்றார் தம்பி வாசலிலிருந்து.



“ஒரே ஒரு சந்தேகம் சார்.” அந்த அம்மா இடது கையால் ஓரமாகச் சாய்த்திருந்த அட்டைப் பலகை ஒன்றை எடுத்தார். “இதுல நான் கண்ணாடிய முகத்துக்கு முன்னாடி பிடிச்சிருக்கேன். தாம்பாளம் தூக்கற மாதிரி. யார் சார் அப்படித் தூக்குவாங்க? ஒரு காத்து அடிச்சா கண்ணாடியோட நானும் பறந்துடுவேன்.” பலகையை நிமிர்த்தி அக்குளுக்கு அடியில், உடம்போடு ஒட்டினாற்போல் நிறுத்தினார். கீழ் விளிம்பு உள்ளங்கையில் உட்கார்ந்தது. “இப்படித்தான். பதினாறு வருஷமா இப்படித்தான். முன்னாடி எல்லாம் தெரியும். தரை தெரியும், உங்க மூடி தெரியும். குழி மூடித்தான் இருந்துது. நான் குருட்டுத்தனமா நடக்கல சார். மூடின்னு நம்பி மிதிச்சேன்.”

அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கண்ணாடி தூக்குவது எப்படி என்று அவர் விளக்கினார், அவ்வளவுதான். நான் யாரையும் கேட்காமல் கோணம் போட்டிருந்தேன். அவரிடம் அரை நிமிடம் கேட்டிருந்தால் போதும்.

அவர் கண்ணைப் பார்க்க வெட்கப்பட்டு, படத்தின் மூலையைப் பார்த்தேன். ஃபிரேமின் இரண்டு சட்டங்கள் சேரும் இடத்தில் ஒரு சந்து. நகம் நுழையும் அளவு.

“சிரிக்காதீங்க” என்றார். “என் கை வேலையா இருந்தா வெளியவே விட மாட்டேன். இவன் ஒரே அளவுல ரெண்டு ஃபிரேம் வெட்டினான். எட்டுத் துண்டையும் கலந்துட்டான்.”

“ஒரே அளவுதானே அக்கா, எதை எதோட வெச்சா என்ன?” என்றார் தம்பி.

“அளவு ஒண்ணுதான்டா. ஜோடி வேற.” என் பக்கம் திரும்பினார். “ரம்பம் எவ்வளவு சரியாப் பிடிச்சாலும் ஒரு மயிரிழை சாயும் சார். ஆனா ஒரே வெட்டுல விழுற ரெண்டு முனையும், ஒண்ணு இந்தப் பக்கம் சாஞ்சா இன்னொண்ணு அந்தப் பக்கம் சாயும். ரெண்டையும் சேர்த்தா மூடிக்கும். அதனால கலக்கறதுக்கு முன்னாடி பின்பக்கம் பென்சில்ல குறி போடணும். ஒண்ணு-ஒண்ணு, ரெண்டு-ரெண்டு. குறி போடாம கலந்தா, அப்புறம் எவ்வளவு பசை அடைச்சாலும் சந்து போகாது.”

எவ்வளவு பசை அடைத்தாலும். மூன்று முறை கலவை.



எட்டு மாதம் முன்பு அந்தத் தெருவில் தார் போட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் நான் பெருமைப்பட்ட நாள் அது. புதுத் தார் போட்டால் தெரு இரண்டு அங்குலம் உயரும். அதனால் ஒவ்வொரு குழியிலும் மூடியை எடுத்து, வளையத்தை அதே இடத்தில் உயர்த்திக் கட்ட வேண்டும். வழக்கமாக எடுத்த மூடியை அதன் குழிக்குப் பக்கத்திலேயே போட்டு வைப்பார்கள். அதனால் ரோலர் வளைந்து நெளிந்து போகும், அரை நாள் வீணாகும். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பதினொரு மூடிகளையும் தள்ளுவண்டியில் ஏற்றித் தெருமுனையில் அடுக்கச் சொன்னேன். குழிகளை இரும்புத் தகடு போட்டு மூடினோம். ரோலர் நேராக ஒரே ஓட்டமாக ஓடியது. சாயங்காலம் கைக்கு வந்த மூடியை எடுத்துக் கைக்கு வந்த குழியில் போட்டோம். எல்லாம் ஒரே பட்டறையில் வார்த்தவை, ஒரே அளவு. குறி போடவில்லை. அலுவலகத்தில் பாராட்டினார்கள். மற்ற ஆறு தெருக்களிலும் ‘ரசமட்டம் முறை’ என்று அதையே செய்தார்கள்.

ஆனால் ஒரு மூடியும் அதன் வளையமும் இருபது வருடம் ஒன்றோடு ஒன்று உரசியிருக்கின்றன. இதன் மேடு அதன் பள்ளத்தில் தேய்ந்து பதிந்திருக்கிறது. பழகிய செருப்பு மாதிரி. இன்னொருவர் செருப்பு அதே அளவாக இருந்தாலும் காலைக் கடிக்கும். ரசமட்டம் சரிவைச் சொல்லும். மேட்டின் மேல் மேடு உட்கார்ந்திருப்பதைச் சொல்லாது. நான் தவறான கேள்வியைக் கேட்டு, சரியான பதில் வாங்கிக்கொண்டிருந்தேன்.

“சார், தண்ணி குடிக்கிறீங்களா?” என்றார் அந்த அம்மா. என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

“கொஞ்சம் கரித்தூள் கிடைக்குமா?” என்றேன்.

வெளியே வந்து, கொத்தனாரும் நானும் கடப்பாரையால் மூடியை எடுத்தோம். வளையத்தின் விளிம்பைத் துடைத்து, சுற்றிலும் கரி பூசினேன். மூடியை வைத்து ஒரு முறை மிதித்து, மறுபடி எடுத்துத் திருப்பினோம். சரியான மூடியென்றால் அடிப்பக்கம் முழு வட்டமாகக் கரி ஒட்டும். இதில் எதிரெதிராக இரண்டே இடத்தில்தான் ஒட்டியிருந்தது, உள்ளங்கை அகலத்துக்கு. அந்த இரண்டு மேட்டின் மேல்தான் அது இத்தனை நாள் ஆடியது. மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வைத்தும் பார்த்தோம். மேடுகள் இடம் மாறின, ஆட்டம் மாறவில்லை.

தெருவில் மற்ற மூடிகளை மிதித்துப் பார்த்துக்கொண்டே போனோம்; ஒன்பது எப்படியோ ஆடாமல் நின்றன. மூன்றாம் எண் குழி ஒரு மூலைச் சுவரை ஒட்டி, வண்டியே ஏறாத இடத்தில் இருந்தது. அந்த மூடியும் லேசாக ஆடியது. யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அதைக் கொண்டுவந்து கடைக்கு எதிரில் இருந்த ஏழாம் எண் குழியில் போட்டு, சுற்றித் திருப்பினோம். ஒரு இடத்தில் ‘தப்’ என்று இறங்கியது. ஓரத்தில் நின்று குதித்தேன். சத்தமில்லை. எடுத்துப் பார்த்தோம். முழு வட்டம் கரி.

கொத்தனார் சுற்றும் முற்றும் பார்த்தார். அக்காவும் தம்பியும் கடைக்குள்ளே போயிருந்தார்கள்.

“சார், நல்லதாப் போச்சு. வெள்ளிக்கிழமை கோர்ட்டுலேர்ந்து வந்து பார்ப்பாங்கல்ல? மிதிச்சுப் பார்த்தா கல்லு மாதிரி நிக்கும். இப்படியே விட்டுட்டுப் போயிடலாம்.”

அவர் கெட்டவர் இல்லை. எனக்கு நல்லது நினைத்துதான் சொன்னார். அந்த மூடி அசையாமல் நின்றால் என் வாக்குமூலத்தின் முதல் வரி உண்மையாகிவிடும். என் படமும் உண்மையாகிவிடும். பொய்யாவது அந்த அம்மாவின் பேச்சு மட்டும்தான். ஆடாத மூடியில் விழுந்தவள், கீழே பார்க்காமல் நடந்தவள். ஒரு பழுதைச் சரி செய்வதே இவ்வளவு அசிங்கமான காரியமாக முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. இதைவிட வெட்கம், கடப்பாரையைப் பிடித்தபடி நான் கொஞ்ச நேரம் யோசித்தேன் என்பது.

“எடுங்க” என்றேன். “இருந்த மாதிரியே ரெண்டையும் போடுங்க. ரெண்டு இடத்துலயும் சுத்தி டிரம் நிறுத்திக் கயிறு கட்டுங்க. வெள்ளிக்கிழமை வரை யாரும் மிதிக்கக் கூடாது.”

“சார், வேலைக்கே வேட்டு வெச்சுக்கிறீங்க.”

“கட்டுங்க.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மூடி, வளையம், கரித்தூள் எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

“மூடி மாறினது தெரியாம நடந்தது” என்றாள். “அந்தக் கண்ணாடிப் படத்த யாருங்க போடச் சொன்னா?”

“யாரும் சொல்லல.”

“வக்கீல் கேட்டாங்களா?”

“கேக்கல.”

மடித்த சட்டையை என் மடியில் வைத்தாள். “அப்போ அதுக்குத்தான் முதல்ல போய் நிக்கணும். உங்க இரும்பெல்லாம் அப்புறம்.”

புதன்கிழமை காலை வக்கீலம்மாவின் அறையில் புதிய வாக்குமூலத்தை நீட்டினேன். இரண்டு முறை படித்தார். எங்கே என்னைத் தடுப்பாரோ என்று நினைத்தேன்.

“நாமளே உண்டாக்கினது” என்றார் மெல்ல. “ரெண்டாவது கேள்வியே இல்ல.”

“ஆமா மேடம். நீங்க இத மறைக்கச் சொன்னாலும்…”

“இருங்க. நான் ஒரு நாளும் உங்களப் பொய் சொல்லச் சொல்லல சார். நீங்க எழுதினத நான் நம்பினேன். படம் அவ்வளவு தெளிவா இருந்துது.” மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அத வெச்சு நான் அந்தம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். கவனமில்லாம நடந்துட்டு நகராட்சியக் குத்தம் சொல்றீங்கன்னு. என் கையெழுத்துல போயிருக்கு.”

என் வெட்கத்தை நான் ஒருவனாகச் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன். பாதியை அவர் தலையில் ஏற்றியிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

“பொறுப்ப ஒத்துக்கச் சொல்லி ஆணையருக்கு எழுதறேன்” என்றார். “உங்க மேல விசாரணை வரும். தெரியும்ல?”

“தெரியும் மேடம். மத்த ஆறு தெருவையும் உடனே பார்க்கணும். அதையும் எழுதுங்க.”

வெள்ளிக்கிழமை நீதிமன்ற ஆய்வாளர் வந்தார். வக்கீலம்மா, ஃபிரேம் கடைக்காரம்மா, தம்பி, கொத்தனார், டிரம்மைச் சுற்றி வேடிக்கை பார்க்கத் தெருவில் பாதி. ஆய்வாளர் மூடியை மிதித்தார். ‘டக்’. எழுதிக்கொண்டார்.

நான் அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னேன். “நீங்க பார்த்துத்தான் நடந்தீங்க. மூடி மாறியிருந்துது. மாத்தினது நான். கண்ணாடி எப்படித் தூக்குவாங்கன்னு தெரியாமலே அந்தப் படத்தப் போட்டேன். அது தப்பு.”

அவர் மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களை இடது கையால் தடவிக்கொண்டார்.

“இந்த விரல் இன்னும் முழுசா மடங்க மாட்டேங்குது சார்” என்றார். “அதையும் எழுதிக்கச் சொல்லுங்க.”

ஆய்வாளர் எழுதிக்கொண்டார்.

“படத்த இறக்கிடலாமா அக்கா?” என்றார் தம்பி.

“இருக்கட்டும். அந்த மூலைச் சந்துக்காகவாவது இருக்கட்டும். நீ பார்த்துக் கத்துக்க.”

தம்பி முதல் முறையாக என்னைக் கேலி செய்யாமல் பார்த்தார். “நம்ம ரெண்டு பேரும் ஒரே கேசு சார்” என்றார்.

எல்லோரும் பார்க்க மூடிகளை மாற்றினோம். மூன்றின் வாயில் இருந்தது ஏழின் மூடி. அது ஏழுக்குப் போனது. ஏழில் கிடந்ததை மூன்றில் போட்டு, ‘தப்’ என்று இறங்கும் வரை திருப்பினோம். பிறகு உளியால் மூடியிலும் வளையத்திலும் ஒரே எண்ணை வெட்டினோம். இரண்டின் குறுக்கேயும் ஒரே கோடாக ஒரு வெட்டு. இனி மூடியைத் தூக்குவதற்கு முன் எண்ணும் கோடும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் முதலில் வெட்ட வேண்டும். எந்த எண்ணிலிருந்து எடுத்தோமோ அதே எண்ணில், கோட்டோடு கோடு சேர்த்து வைக்க வேண்டும். வைத்த பிறகு ஓரத்தில் ஏறி நின்று மிதிக்க வேண்டும். அப்படி வைத்தால் மூடி ஆடாது.